இஞ்சி போடாத கோப்பி

சோளம் வறுப்பது பெரிய வித்தை இல்லை. நின்றுகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோப்பிக்கொட்டை வறுக்கும்போது நடுவில் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடலாம், வாசலுக்கு வந்த மீன்காரரோடு இரண்டு வார்த்தை சண்டை பிடிக்கலாம், திரும்பி வரும்வரை கொட்டை காத்திருக்கும். சோளம் காத்திருக்காது. மஞ்சளாகவே கிடந்து நம்மைச் சலிப்படைய வைத்துவிட்டு, நாம் கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்துக் கரியாகிவிடும். கரியானால் அவ்வளவும் குப்பை. இன்னொரு தாச்சிச் சட்டி, இன்னொரு பிடி விறகு, இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

நான் நின்ற நேரத்தையெல்லாம் இப்போது நினைத்தால் முழங்கால்தான் முதலில் நினைக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. மாத்தளை டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒட்டிக்கட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். முன்னறையில் என் தையல் மெஷின். நடுவில் ஒரு அறை. பின்னால் குசினி. பிள்ளைகள் நாலு பேர். என் வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் முதலாளியின் வாசனைச் சரக்குக் கடையில் கொள்முதல் பார்த்தார். மிளகு, ஏலம், கராம்பு எல்லாம் பார்ப்பார் என்றாலும் அவர் பேர் நின்றது கோப்பியில்தான். யட்டவத்தச் சந்தைக்கு வீட்டுத் தோட்டங்களில் இருந்து கோப்பி கொண்டுவருவார்கள். அவர் சாக்கின் வாயைப் பிரித்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் இருந்து ஒரு பிடி அள்ளுவார். மூக்குக்குக் கொண்டுபோவார். ஒரு கொட்டையைக் கடைவாயில் வைத்து உடைப்பார். துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"இது சோம்பேறி வீட்டுக் கோப்பி." பாய் விரிக்காமல் மண்ணில் காயப்போட்டது என்று அர்த்தம்.

"இது மழைக்குப் பயந்த வீட்டுக் கோப்பி." காயும் முன்னே அள்ளிவிட்டார்கள்.

ஒரு தடவை, "இது சண்டை நடந்த வீட்டுக் கோப்பி" என்றாராம். பாதி பழம், பாதி பச்சைக் காய். சாக்குக்காரி கையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ, எப்படி ஐயா தெரியும்? பறிக்கப் பறிக்கத்தான் மருமகள் கோவிச்சுக்கிட்டுப் போனா, மிச்சத்த நான் இருட்டுறதுக்குள்ள பறிச்சேன்" என்றாளாம். இதை அவர் என்னிடம் சொன்னது பத்துத் தடவைக்குக் குறையாது. சந்தையில் அவர் சொன்னால் சொன்னதுதான். விலைக்காக எதிர்த்துப் பேசுகிறவன்கூடத் தரத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டான்.

அவர் குடிக்கிற கோப்பிக்கு அளவில்லை. எழுந்ததும் ஒன்று, கடைக்குப் போகும்முன் ஒன்று, கடையில் முதலாளியோடு எத்தனையோ, வந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. அப்படி இருந்தவர் ஒருநாள் தராசுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் கூடையில் போட்ட கோழி மாதிரி அடித்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஓடினேன்.

டொக்டர் சிங்களத்தில் பேசினார். இருதயம் ஒழுங்கில்லாமல் ஓடுகிறது, மாத்திரை தருகிறேன், ஒருநாளும் விடக்கூடாது. சுருட்டு வேண்டாம், தேத்தண்ணீர் வேண்டாம், கோப்பி வேண்டவே வேண்டாம்.

"டொக்டர், நான் கோப்பியால சாப்பிடுறவன்" என்றார் இவர்.

"சாப்பிடுறதுக்கு ஆள் இருக்க வேணாமா?" என்று கேட்டார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்து, "குசினி யாருடையது? உங்களுடையதுதானே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியோடு அவர் வேலை முடிந்துவிட்டது. என் வேலை தொடங்கியது.

மூன்று நாள் கோப்பி இல்லாமல் வைத்திருந்தேன். மனிதர் வீட்டில் இருந்தாரா, பேய் இருந்ததா என்று சொல்ல முடியாது. தலை பிளக்கிறது என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சின்னவன் கதிரையை இழுத்த சத்தத்துக்கு அடிக்க எழுந்தார். மூன்றாம் நாள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "நீ தராட்டி கடை இருக்கு, கடையில தருவான். செத்தா செத்துட்டுப் போறேன்" என்று வாசலில் நின்றார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இனி வெளியே குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். கடையில் குடித்தால் எத்தனை என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். என் குசினியில் என்றால் தெரியும். இதற்குமேல் எனக்கு யோசனை வரவில்லை.

யோசனை பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம், எங்கள் ராத்தாவிடம் இருந்து வந்தது. கலேவெலப் பக்கம் பிறந்து மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவ. என்னைவிடப் பத்து வயது மூப்பு. வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பேசுகிற பழக்கம். பேசி முடிந்தாலும் தலை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

"எங்கட ஊர்ல கோப்பி மரத்த யார் கண்டா புள்ள? காடு வெட்டின சேனையில வெளையிற சோளத்தக் கருக்க வறுத்து இடிச்சுத்தான் குடிச்சோம். கறுப்பா இருக்கும், கசக்கும், சுடும். வேற என்ன வேணும் ஆம்புளைக்கு?"

"ராத்தா, இவர் சாக்குக்குள்ள கைய விட்டே ஊர் பேரு சொல்றவரு."

"கொட்டையத்தானே பார்க்கிறாரு? கோப்பைக்குள்ள கைய விடுறாரா?"

அவ சொன்னது சரிதான். அவர் நாக்கு கொட்டையை அறிந்த நாக்கு. கோப்பையை என்னிடம் விட்டிருந்தார்.

முதல் தடவை இளம் வறுவலாய்ப் போய்க் கஞ்சி மாதிரி மணத்தது. இரண்டாம் தடவை சாம்பல். சோளத்தோடு குரக்கனும் போட்டுப் பார் என்றா ராத்தா. குரக்கன் என்கிற கேழ்வரகு கடுகளவுதான் இருக்கும். சோளத்தோடு சேர்த்துப் போட்டால் சோளம் சூடேறும்முன் அது கருகிவிடும், ஆகவே தனியாக வறுக்க வேண்டும். அது பொரிந்து பொரிந்து முகத்தில் தெறிக்கும். ஆனால் நிறத்தையும் கசப்பையும் கொடுத்தது குரக்கன்தான். அதற்குப் பிறகும் ஆறினால் சோள வாடை மேலே வந்தது. அதை அடக்கியது மரவள்ளிக் கிழங்கு. மெல்லிசாகச் சீவி, கல்மாதிரி காயும்வரை வெயிலில் போட்டு, பருப்பளவுக்கு இடித்து, கறுக்கும்வரை வறுத்தால் சீனி பாகு கருகின மாதிரி ஒரு மணம் வரும். மூன்றையும் ஒன்றாய் இடித்துச் சலித்து, கொத்தமல்லி நாலு விதை சேர்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி, தெளிந்ததை வடித்தபோது நானே ஒரு கணம் மயங்கிப்போனேன்.

ஒன்றை மட்டும் விட்டேன். எங்கள் வீட்டுக் கோப்பித் தூளில் எப்போதும் சுக்குச் சேர்ப்போம். மரவள்ளி வந்தபிறகு சுக்கு வர முடியாது. மரவள்ளியும் இஞ்சியும் ஒரு வயிற்றில் சேர்ந்தால் விஷம் என்று எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மரவள்ளி அவித்த நாளில் குசினியில் இஞ்சித் துண்டு இருந்தால் எடுத்து வெளியே வைப்போம். கைகூடக் கழுவுவோம். வறுத்துக் கறுத்த பிறகும் அது விஷமா, சுக்கானாலும் இஞ்சி இஞ்சிதானா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. சோதித்துப் பார்க்கிற விஷயமா அது? "சுக்குச் சூடு. நெஞ்சுக்குக் கூடாதுன்னு டொக்டர் சொன்னாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ஒரேயடியாக மாற்றவில்லை. முதல் கிழமை முக்கால் கோப்பி, கால் சோளத்தூள். அடுத்த கிழமை பாதிக்குப் பாதி. ஒரு மாதம் போகும்போது டின்னுக்குள் கோப்பி ஒரு சிட்டிகை. பிறகு அதுவும் இல்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்து, "இன்னைக்குக் கோப்பி நல்லா இறங்கியிருக்கு" என்பார். நான் குனிந்து துணி தைப்பேன்.

வாசனைக்கு என்ன செய்தேன் என்று கேட்கலாம். வறுக்கிற வாசனை வராத வீட்டில் கோப்பி எப்படி வரும்? அதனால் கடைசியில் அதே தாச்சியில் ஒரு பிடி உண்மையான கோப்பிக்கொட்டை போட்டு வறுப்பேன். அந்த மணம் முன்வாசல் வரை போய் நிற்கும். அந்த ஒரு பிடியை இடித்து வேலிக்கு மேலால் ராத்தாவிடம் கொடுத்துவிடுவேன். அவ வீட்டுத் தகரக் கூரையில்தான் என் மரவள்ளி காய்ந்தது, அதற்கு அது பதில். கொஞ்ச நாளில் ராத்தாவுக்குக் கோப்பி பிடித்துப்போனது. "ஒங்கட மனுஷனுக்குச் சொகமாகிட்டா என்ட பாடு என்ன புள்ள?" என்பா. "மெதுவாச் சொகமாகட்டும்."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளைக்கொருமுறை இத்தனையும் செய்யவேண்டும். தூள் நாள்பட்டால் சோளம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் சந்தைக்கும் கடைக்கும் போயிருக்கிற நேரத்துக்குள், பாண் வரிசையில் நின்று வந்த காலோடு, தைக்கக் கிடக்கிற வெள்ளை யூனிபோர்ம் துணிகளில் கரி படாமல், சோளம் தனியாக, குரக்கன் தனியாக, மரவள்ளி தனியாக, கோப்பி தனியாக, நாலு வறுவல். பிறகு உரல். சோளத்தை நான் ஒளித்துவைத்தது வெட்டுத் துணிகள் வைக்கிற பெட்டியில். அவர் ஒருநாளும் அதைத் திறக்கமாட்டார். இரவில் படுத்தால் தோள் இரண்டும் என்னுடையது மாதிரியே இருக்காது. பொய் சொல்கிறவர்களுக்கு வேலை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பலன் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதம் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "சொன்னபடி கேட்டிருக்கீங்க, நல்லது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இவர் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டியதும் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"சொன்னபடி கேட்டிருக்கேனாம்! மூணு மாசமாத் தெனம் கோப்பி குடிக்கிறேன். நெஞ்சு கல்லு மாதிரி இருக்குன்னு அவரே சொல்றாரு. அப்ப கோப்பிக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? சொல்லு பாப்பம்!"

நடுரோட்டில் நின்றுவிட்டேன். இதை நான் நினைக்கவே இல்லை. அவரை ஏமாற்றுவதில் இருந்த கவனமெல்லாம், ஏமாந்தவர் அதிலிருந்து என்ன படிப்பார் என்பதில் இல்லாமல் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. யட்டவத்தச் சந்தையில் கோப்பியை மணந்து வீட்டு விவகாரம் சொல்கிற மனிதர், மூன்று மாதம் சொந்த வீட்டில் சோளத்தைக் குடித்துவிட்டுக் கோப்பி என்றார். இந்தக் கதை வெளியே போனால் அவர் சாக்கின் வாயைப் பிரிக்க முடியுமா? நான் முன்னால் நடந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த கிழமை யட்டவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஏறி உண்மையான கோப்பி இரண்டு குடித்திருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சு படபடத்ததாம். மழையிலும் நனைந்து சளியோடு வந்து சேர்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

"எனக்கு இப்பத்தான் விளங்குது" என்றார், சாரத்தால் தலையைத் துவட்டியபடி. "இது அந்த மாத்திரை பண்ற வேலை. கோப்பின்னா வீட்டுல மூணு மாசமாக் குடிக்கிறேனே, ஒண்ணும் இல்லையே? பஸ் ஏறுறதுக்கு முந்தி மாத்திரை போட்டேன், வந்துச்சு படபடப்பு. திங்கட்கிழமையில இருந்து மாத்திரை இல்ல."

"டொக்டருக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"டொக்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியும்."

அவர் நியாயத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. ஓட்டை முழுவதும் என் டின்னுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன், சளியில் கிடந்தார். சனிக்கிழமை பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, மெஷினில் உட்கார்ந்து, ஒரு சட்டைக் கையை வைத்துத் தைத்து, அது தலைகீழாய் இருப்பதைப் பார்த்துப் பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு மாத்திரை நிற்கும். அதற்குமேல் நாள் இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார், சளிக்காரரைப் பார்க்க. வெறுங்கையோடு வருகிறவர் இல்லை. வீட்டுத் தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பு, ஒரு கடதாசிச் சுற்றல்.

"எப்படித் தங்கச்சி? ஒங்கட மனுஷன் இல்லாமக் கடையில கோப்பி எல்லாம் அநாதையாக் கிடக்கு."

"உட்காருங்க நானா. கோப்பி கொண்டாறேன்."

அண்ணன் முறைக்கு அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். குசினியில் இரண்டு கேத்தல். முதலாளிக்கு உண்மையான கோப்பி. ராத்தாவுக்கு என்று இடித்து வைத்திருந்ததில் ஊற்றினேன். இவருக்கு இவருடையது. இரண்டையும் கொண்டுபோய் அவரவர் முன்னால் வைத்துவிட்டு, பழத்தைத் தட்டில் வைக்கத் திரும்பி வந்தேன். முன்னறையில் இவர் குரல் உயர்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வந்துடுவேன் முதலாளி. பழைய மாதிரித்தான். காலையில நீங்களும் நானும் ரெண்டு கோப்பி. மாத்திரைய இன்னையோட தலையச் சுத்தி எறியப் போறேன்."

"டொக்டர்மாருக்கே நீங்க பாடம் எடுப்பீங்க போல."

"நாக்கு இருக்குதே முதலாளி. எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு அது சொல்லும்."

பிறகு டக், டக் என்று ஒரு சத்தம். பித்தளைச் செம்பின் அடியால் எதையோ மேசையில் தட்டுகிற சத்தம்.

நான் தட்டோடு வெளியே வந்தபோது கடதாசிச் சுற்றல் பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்தது பச்சை இஞ்சி. சளிக்கு என்று முதலாளி கொண்டுவந்தது. நசுக்கிய இஞ்சி இரண்டு கோப்பையிலும் மிதந்தது. இவர் கோப்பை உதட்டில் இருந்தது.

தட்டை என்ன செய்தேன் என்று தெரியாது. அவர் கையை அடித்தேன். கோப்பை போய்ச் சுவரில் பட்டு உடைந்தது. சுடச்சுட அவர் சாரத்திலும் என் கையிலும் கொட்டியது.

"பைத்தியமா ஒனக்கு?"

"இஞ்சி போட்டீங்க!"

"சளிக்கு இஞ்சி போடாம வேற என்னத்தப் போடுறது?"

"அதுல மரவள்ளி இருக்கு."

வாழைப்பழம் ஒன்று உருண்டு மெஷினின் மிதிபலகைக்குக் கீழே போய் நின்றது. முதலாளி தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, வெடிகுண்டை வைப்பதுபோல் மெதுவாக மேசையில் வைத்தார்.

"யா அல்லாஹ். எனக்கும் அதுவா தங்கச்சி?"

"இல்ல நானா. உங்களோடது கோப்பி."

"அப்ப இவரோடது?"

நான் இவரைப் பார்த்து, "முழுங்கிட்டீங்களா?" என்றேன்.

"ஒரு வாய்" என்றார்.

என் அலறல் கேட்டு ராத்தா வேலியைச் சுற்றாமல் வேலிக்குள்ளாலேயே வந்திருந்தா. விஷயம் கேட்டதும் உப்புத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தா. அவர் குடித்தார், வாந்தி வரவில்லை. இனி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முதலாளி சொன்னார். அவரைக் கதிரையில் உட்காரவைத்து மூன்று பேரும் சுற்றி நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் கேட்டார்.

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதல் மாசம் கொஞ்சம் கொஞ்சமா. அதுக்குப் பிறகு முழுசும்."

"முழுசும்னா?"

"கோப்பியே இல்ல. சோளம், குரக்கன், மரவள்ளி."

"வறுக்கிற வாசம் வந்துச்சே."

நான் வாயைத் திறக்கும்முன் ராத்தா முந்திக்கொண்டா. "அதெல்லாம் நாந்தான் குடிச்சேன், அண்ணன்."

முதலாளி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் முதுகு மட்டும் ஆடியது. இவர் அதைப் பார்த்தார். நான் அவர் பார்த்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விஷம் ஏறுகிறதா என்று பார்க்க நின்ற நான், வேறு ஏதோ ஏறுவதைப் பார்த்தேன்.

"நெஞ்சு நல்லா இருந்தது கோப்பி குடிச்சதால இல்ல" என்றேன். சொல்ல வந்தது அது ஒன்றுதான். "குடிக்காததால. யட்டவத்தையில குடிச்சீங்க, வந்துச்சு. மாத்திரைய விட்டுடாதீங்க. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

ஒரு மணி நேரம் போனது. வயிறும் பிடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. முதலாளி எழுந்து, அவர் தோளில் கை வைத்து, "நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையை வயிற்றுக்குள் வைத்திருக்க எந்த மனிதராலும் முடியாது. செவ்வாய்க்கிழமைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்று பொழுது சாயும் நேரம் அவர் எழுந்து அலுமாரி லாச்சியைத் திறந்தார். மாத்திரையை எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி நின்று, தண்ணீரோடு விழுங்கினார். லாச்சியை மூடினார்.

அந்தக் கிழமைச் சந்தைக்கும் போனார். போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். யாரோ ஒருவன் சாக்கைப் பிரித்துக்கொண்டே, "ஐயா, நல்லாப் பாருங்க, உள்ள சோளம் கீளம் இருக்கப் போகுது" என்றானாம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். இவர் கையை முழங்கை வரை விட்டு, அள்ளி, மணந்து, கடித்து, "சோளம் இல்ல. ஆனா பழைய கோப்பியப் புதுசோட கலந்திருக்கே. போன வருஷத்துச் சாக்கு எங்க?" என்றாராம். அவன் வாயை மூடிக்கொண்டானாம். இதெல்லாம் முதலாளி எனக்குச் சொன்னது. பத்து நாளைக்கு மேல் எங்கள் வீட்டில் பிள்ளைகள் வழியாகத்தான் பேச்சு. கோப்பியும் இல்லை, சோளமும் இல்லை, வெறும் தண்ணீர். நான் வறுப்பதை நிறுத்தியிருந்தேன். தோளுக்கு அது ஓய்வு. எனக்கு ஓய்வாக இல்லை.

பிறகு ஒரு காலையில் குசினி வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சோளத் தண்ணி இருக்கா?"

மூன்று வறுவலையும் அன்றே வறுத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். குடிக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"சோளம், குரக்கன், மரவள்ளி, கொத்தமல்லி."

குடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும் இதே கேள்வி. இதே பதில். முன்பெல்லாம் நான் எதை நீட்டினாலும் பார்க்காமல் வாங்கி வாயில் வைக்கிற மனிதர். அந்தப் பழக்கத்தை நான்தான் உடைத்தேன் என்று எனக்குத் தெரியும், ஆகவே ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து கடைசி வரை சொல்வேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. சொல்லிச் சொல்லி வாய் களைத்துப்போகும்.

அதைவிடக் கொடுமை ஒன்று வந்தது. கோப்பி என்று நினைத்துக் குடித்த மூன்று மாதமும் ஒரு குறை சொல்லாதவர், சோளம் என்று தெரிந்ததும் தரம் பார்க்கத் தொடங்கினார். "குரக்கன் ஒரு பக்கம் கருகியிருக்கு." "மரவள்ளி சரியாக் காயல, நேத்து மேகமா இருந்துச்சே, அப்படியே அள்ளிட்டியா?" எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல். ராத்தா வேலிக்கு மேலால், "நல்லது புள்ள, கொறை சொல்றவரு கடைக்குப் போக மாட்டாரு" என்பா. அவவுக்கு வந்துகொண்டிருந்த கோப்பி நின்றுபோன வருத்தமும் அந்தக் குரலில் இருக்கும்.

வருட முடிவு வந்தது. பள்ளிக்கூடம் தொடங்கும்முன் யூனிபோர்ம் தைக்கக் கொடுப்பவர்கள் வரிசை. மழை விடாமல் அடித்தது. மரவள்ளி காயாமல் அடுப்புக்கு மேல் கட்டிவைத்துக் காயவைத்தேன், புகை பிடித்துப்போனது. ஒருநாள் பின்னேரம், சோளம் கொஞ்சம் அதிகமாகவே வறுபட்டுவிட்டது தெரிந்தும், இன்னொரு தாச்சி போட உடம்பு இடம் கொடுக்காமல், அதையே இடித்துக் காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன்.

"இதுல என்ன இருக்கு?"

சொன்னேன். ஒரு வாய் குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார், சந்தையில் செய்கிற மாதிரி.

"இது எந்த வீட்டுக் கோப்பி தெரியுமா?"

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கத்திரிக்கோலை மெஷின் மேல் போட்டேன். "தெரியும். சோம்பேறி வீட்டுக் கோப்பி. அதானே? சொல்லுங்க."

அவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "களைச்சுப் போன வீட்டுக் கோப்பி."

மிச்சத்தையும் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "நாளைக்கு வறுக்காத. சுடுதண்ணி போதும்."

மறுநாள் வறுக்கவில்லை. சுடுதண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போல் உள்ளே பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

குடித்தார்.

அதற்கு மறுநாள் சோளத்தை அடுப்பில் போட்டேன்.